ரத்தக் கணக்கில் மன்னருக்கும் பங்கு உண்டு

கேள்வி: பிரான்ஸ், ரஷ்யா, ஈரான் என்று மன்னரைத் துரத்திய நாடுகளில் எல்லாம் பிறகு அதைவிடக் கொடுமையான ஆட்சிதானே வந்தது? பசியில் கொதித்த கூட்டம் கொஞ்சம் பொறுத்திருந்தால், மன்னர்களே மெல்லத் திருந்தியிருப்பார்கள் அல்லவா? (வாசகர் ஒருவர்)

பதில்: பொறுக்கவில்லை என்றா சொல்கிறீர்கள்? தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தார்கள். பசியும் பஞ்சமும் மன்னராட்சிக் காலம் நெடுகிலும் வந்துகொண்டுதான் இருந்தன. அதனால் மட்டும் எந்த அரியணையும் கவிழவில்லை. கஜானா காலியாகி, சிப்பாயும் கைவிட்டபோதுதான் கவிழ்ந்தது.

பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விடுதலைப் போருக்குக் கடன் வாங்கிச் செலவழித்த அரசுக்கு, 1788 வாக்கில் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போனது. பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் முக்கியமான வரிகளில் விலக்கு. சுமையில் பெரும்பகுதி உழுகிறவன் தலையில். 1787இல் நிதியமைச்சர் கலோன், நிலம் வைத்திருக்கும் எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்று பிரமுகர்கள் சபையில் ஒரு திட்டம் வைத்தார். அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் பெரிய நிலங்களின் சொந்தக்காரர்கள். ஒப்புக்கொள்ளவில்லை. கலோனின் பதவிதான் போனது. நீங்கள் சொல்கிற 'மெல்லத் திருந்துதல்' அங்கே வாசல்வரை வந்தது. அதைத் துரத்தியவர்கள் அரண்மனையைச் சுற்றி இருந்தவர்கள். வேறு வழியில்லாமல் பதினாறாம் லூயி 1789 மே மாதம் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பொதுச்சபையைக் கூட்டினார். அதற்கு முன் அது கூடியது 1614இல்! ரொட்டி விலை ஏறியதும் பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை மக்கள் கையில் விழுந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

ரஷ்யாவில் 1905 ஜனவரியில் ஜாரிடம், அதாவது மன்னரிடம், மனுக் கொடுக்க வந்த நிராயுதபாணிகளைச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஆட்சி தப்பியது. அந்த ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பணிந்து இரண்டாம் நிக்கோலஸ் டூமா என்ற நாடாளுமன்றத்தைத் தந்தார். 1906இல் கூடிய முதல் டூமாவை மூன்று மாதம் ஆவதற்குள் கலைத்தார். 1907இல் இரண்டாவதையும் கலைத்து, தேர்தல் சட்டத்தையே நிலக்கிழார்களுக்குச் சாதகமாக மாற்றினார். அப்புறம் 1917 மார்ச். தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டித் தட்டுப்பாடு, பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஜார் உத்தரவின்பேரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வொலின்ஸ்கி படைப்பிரிவு கூட்டத்தைச் சுட்டது. மறுநாள் காலை அதே சிப்பாய்கள் 'இனிச் சுட மாட்டோம்' என்று மறுத்து, தங்கள் அதிகாரியைக் கொன்றுவிட்டு, பக்கத்துப் பாசறைகளுக்குப் போய் ஆள் திரட்டினார்கள். அதிலிருந்து மூன்றே நாளில் ஜார் முடி துறந்தார். 1905இலும் பசி இருந்தது. மாறியது சிப்பாயின் மனசு.

சரி, பிறகு வந்த கொடுமைகள்? பிரான்சில் புரட்சி அரசு 1793-94இல் நடத்திய 'பயங்கர ஆட்சி'யில் முறைப்படி மரண தண்டனை பெற்றவர்கள் மட்டும் சுமார் 17,000 பேர். ரஷ்யாவில் 1917 இறுதியில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகளான போல்ஷ்விக்குகளின் அடக்குமுறையும் பொய்யல்ல. இவற்றை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கை மக்கள் பெயரில் மட்டும் எழுதாதீர்கள். கூடிப் பேசவும், விட்டுக்கொடுக்கவும், தோற்றால் ஒதுங்கவும் ஒரு சமூகத்துக்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் வளரக்கூடிய இடங்களையெல்லாம் மூடியவர்கள் மன்னர்கள். ஈரானில் 1906இலேயே அரசியல் சட்டமும் நாடாளுமன்றமும் வந்துவிட்டன. 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உதவியோடு பிரதமர் மொசாடெக்கைக் கவிழ்த்த பிறகு, மன்னர் ஷா எதிர்க்கட்சிகளை ரகசியப் போலீசைக் கொண்டு நசுக்கினார். 1975இல் ஒரே கட்சிதான் என்று அறிவித்தார். 1979இல் அவர் வெளியேறியபோது, நாடு முழுக்கக் கிளை பரப்பிச் செயல்படக்கூடியதாக மிஞ்சியிருந்தது மசூதிகளின் வலைப்பின்னல்தான். மதகுருமார் கையில் ஆட்சி போனதில் என்ன ஆச்சரியம்?

இங்கிலாந்தும் 1649இல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியது. மன்னரை எதிர்த்துப் போரிட்ட தளபதி கிராம்வெல்லின் ராணுவ ஆட்சியையும் பார்த்தது. ஆனால் அங்கே பல நூற்றாண்டு பழைய நாடாளுமன்றம் இருந்தது. 1660இல் மன்னராட்சி திரும்பினாலும், நாடாளுமன்றம் சம்மதிக்காமல் வரி இல்லை, அமைதிக் காலத்தில் படை இல்லை என்று 1689இல் சட்டமே வந்தது. நேபாளத்தில் பத்தாண்டு உள்நாட்டுப் போரின் ரத்தம் உண்டு. ஆனால் மன்னராட்சியை ஒழித்தது கத்தியல்ல, 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபையில் நடந்த வாக்கெடுப்பு. மன்னர் ஞானேந்திரா உயிரோடு அரண்மனையை விட்டு வெளியே வந்தார்.

புரட்சி வீண் என்பதற்குப் பிரான்சில் மன்னர்கள் திரும்பி வந்ததையும் சிலர் காட்டுவார்கள். உண்மைதான், 1814இல் பதினெட்டாம் லூயி அரியணை ஏறினார். ஏறும்போது அவர் தந்த சாசனத்தைப் படித்துப் பாருங்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. புரட்சியில் பறிமுதலாகி விற்கப்பட்ட நிலங்கள் வாங்கியவர்களுக்கே சொந்தம் என்கிறது. 1789 ஆகஸ்ட் 4 இரவு புரட்சியின் சபை ஒழித்த பிரபுத்துவச் சலுகைகளைத் திரும்பக் கொண்டுவர அந்த மன்னருக்கே துணிச்சல் இல்லை.