கரண்ட் வந்து வந்து போற ஊர்ல சைக்கிள் லைட்ட எப்படி சார்ஜ் பண்றது?

நீங்க கேட்டது இதுதான்: விலை கம்மியா ஒரு சைக்கிள் லைட் வாங்கி ராத்திரி ஓட்டுறீங்க, ஆறு மாசத்துலயே சார்ஜ் நிக்க மாட்டேங்குது, நம்ம சார்ஜ் பண்ற விதத்துல ஏதும் தப்பா. நான் ரங்கூன்ல திங்கன்ஜுன் பக்கம் இருக்கேன், டவுன்ல கடை சாத்திட்டு தினமும் இருட்டுலதான் சைக்கிள்ல வீட்டுக்கு வர்றேன், அதனால அனுபவிச்சதையே சொல்றேன். இங்க 2003லேர்ந்து சிட்டிக்குள்ள மோட்டார் சைக்கிளுக்குத் தடை, சைக்கிள விட்டா பஸ்தான். தெருவுல கரண்ட் இல்லாத நேரம் லைட்டும் இல்லன்னா காரோட்டி கண்ணுக்கு நாம இருக்கோம்னே தெரியாது.

நிறைய பேர் பண்ற முதல் தப்ப நானும் பண்ணேன். நாலு மணி நேரம் கரண்ட், நாலு மணி நேரம் கட்டுன்னு ஓடும்போது, லைட்ட செருகி வச்சுட்டு தூங்கிடுவோம், எப்ப வருதோ அப்ப ஏறட்டும்னு. நடு ராத்திரி தெருவுல யாராச்சும் "மீ லாப்யீ"ன்னு, அதாவது கரண்ட் வந்துருச்சுன்னு கத்துவாங்க, நாம புரண்டு படுப்போம். வர்ற அந்த நிமிஷத்துலதான் வோல்டேஜ் எகிறும், மட்டமான அடாப்டரும் அப்பதான் போகும், பாக்க ஆளு இல்ல, வீடோ பலகை வீடு. தயவு செஞ்சு முழிச்சிருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்க.

முழுசா ஏறணும்னு காத்திருக்கவே வேண்டாம். இந்த லைட்டுல இருக்கிறது பெரும்பாலும் 18650ன்னு சொல்ற லித்தியம் செல், 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொல்வாங்களே, முழுசா தீர்த்துட்டு முழுசா ஏத்தணும்னு, அது இதுக்குப் பொருந்தாது, பாதி பாதியா ஏத்தினா இதுக்கு நல்லதுதான். 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜர் வோல்டேஜ அங்கயே பிடிச்சு வச்சுட்டு கரண்ட்ட மெதுவா கொறைச்சுக்கிட்டே போகும், அதனால கடைசி இருபது சதவீதத்துக்குத்தான் நேரம் இழுக்கும். ரெண்டு மணி நேரம் கரண்ட் கிடைச்சாலும் போட்டு எடுத்துடுங்க, அடுத்த நாள் பயணத்துக்கு அது போதும். அதே மாதிரி லைட் தானா அணைஞ்சு போற வரைக்கும் தீர்த்துட்டு நாள்கணக்கா அப்படியே போட்டு வைக்காதீங்க, 2.5 வோல்ட்டுக்குக் கீழ போன செல்ல திரும்ப ஏத்துறதே ஆபத்து.

எனக்கு நடந்தத சொல்றேன். நாலு செல் போட்ட தனி பேட்டரி பாக்கோட ஒரு ஹெட்லைட் வச்சிருந்தேன், அதுக்கு 8.4 வோல்ட் சார்ஜர். வைஃபை ரூட்டரோட 12 வோல்ட் அடாப்டரும் பக்கத்துலயே கிடந்துச்சு, ரெண்டுக்கும் ஒரே உருண்டை பின்னு, அவசரத்துல மாத்திச் செருகிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு அம்மா, "என்னடா இது, இனிப்பா ஏதோ வாடை வருது"ன்னாங்க. போய்ப் பாத்தா பேட்டரிய சுத்தியிருந்த நீல உறை உப்பி விறைச்சு நிக்குது, தொட முடியாத சூடு. பிளக்க பிடுங்கி, இடுக்கியால தூக்கிட்டுப் போய் வாசல்ல மண்ணுல போட்டேன், தீ பிடிக்கல, அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. அந்தப் பாக்குல அளவுக்கு மேல ஏறினா வெட்டிவிடுற சர்க்யூட்டே இல்லன்னு பிரிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. இப்ப ஒவ்வொரு அடாப்டர் மேலயும் வெள்ளை டேப் ஒட்டி எது எதுக்குன்னு தமிழ்ல எழுதி வச்சிருக்கேன், நீங்களும் இன்னிக்கே எழுதிடுங்க.

செல்லு மேல 9900 mAhனு (மில்லி ஆம்பியர் மணி, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு) போட்டிருந்தா அது பொய், இந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே 3500 சுமாருக்குத்தான் வரும். நான் யூஎஸ்பி மீட்டர் வச்சு அளந்த ஒண்ணு 1100 கூட வரல. கையில தூக்கிப் பாத்தாலே ஓரளவு தெரியும், அசல் 45 கிராம் சுமார் இருக்கும், போலி லேசா இருக்கும். உங்க லைட் ஆறு மாசத்துல போனதுக்கு சார்ஜ் பண்ற விதத்த விட இதுவே காரணமா இருக்கலாம், கழட்டுற மாதிரி லைட்டுன்னா செல்ல மட்டும் மாத்திப் பாருங்க.

மழைக்காலத்துல இன்னொண்ணு. ஆனி ஆடி மழையில நனைஞ்சு வந்த உடனே கேபிள செருகாதீங்க. ரப்பர் மூடிய திறந்து பாருங்க, உள்ள ஒரு சொட்டு நின்னுட்டிருக்கும், அந்த ஈரத்தோட கரண்ட் பாஞ்சா பின்னு பச்சை பூத்துடும். தலைகீழா தட்டி, ஃபேன் காத்துல வச்சு நல்லா காஞ்சப்புறம் போடுங்க. சித்திரை வெயில்லயும் தகரக் கூரைக்குக் கீழ வேண்டாம், 45 டிகிரிக்கு மேல இந்த செல்லுங்கள சார்ஜ் பண்ணவே கூடாது, ஓட்டிட்டு வந்த சூடும் ஆறட்டும்.

வீட்ல இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தா அதை 230 வோல்ட்டுக்கு ஏத்தி மறுபடி 5 வோல்ட்டுக்கு இறக்கி வீணாக்காம, கார்ல போடுற யூஎஸ்பி சார்ஜர நேரா 12 வோல்ட்டுலயே மாட்டிக்கலாம், நான் அப்படித்தான் பண்றேன். அப்புறம் டைப் சி லைட் சார்ஜே ஏறலன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, மலிவான லைட்டுல உள்ள வைக்க வேண்டிய ரெண்டு சின்ன ரெசிஸ்டர விட்டுடுறாங்க, அதனால ரெண்டு பக்கமும் சி இருக்கிற கேபிள்ல ஏறாது, ஒரு பக்கம் பழைய அகல யூஎஸ்பி இருக்கிற கேபிள்ல போட்டீங்கன்னா ஏறும்.