சுவர்க்கோழி ஏன் பாடவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

என் மகள் ஆறாம் வகுப்பு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வீட்டுக்குள் வந்த சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றைப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள். மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, உள்ளே கீரையும் வைத்தாள். மூன்றாம் நாள் செத்துவிட்டது. அடுத்துப் பிடித்தது ஒரு வாரம் இருந்தது, ஒரு சத்தமும் போடவில்லை. அதுவும் காலை உதறி உதறிச் செத்தது. சுவர்க்கோழி வீட்டுக்குள் கத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் மாமியார். மகளோ இன்னொன்று வேண்டும் என்று நிற்கிறாள். பூச்சியை வளர்க்கலாமா? பிடிக்காமலே ரசிக்க வழி உண்டா?

செ., திருவட்டாறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் பூச்சி ஈரத்தில் செத்திருக்கிறது. பாட்டிலில் வைத்த கீரை இரவெல்லாம் நீரை விடும். நாலு ஆணி ஓட்டையில் அந்த ஆவி வெளியேறாது, கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். கீரை அழுகிப் பூஞ்சை பிடிக்கும். உடலின் பக்கவாட்டிலுள்ள நுண்துளைகளால் மூச்சுவிடும் பூச்சிக்கு அந்த இடம் தாங்காது. மழை மாதத்தில் நம் ஊர்க் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது மூடிய பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவதன் காரணம் ‘உதறி உதறி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அந்த அறையில் கொசுவத்தியோ, பிளக்கில் செருகும் கொசு லிக்விடோ ஓடியிருக்க வேண்டும். அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து கொசுவின் நரம்பைத் தாக்குவது போலவே சுவர்க்கோழியின் நரம்பையும் தாக்கும். பூச்சி மல்லாந்து விழுந்து காலை உதறும். பெட்டியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டாலும் இதே கதிதான். பூச்சி வளர்க்கும் அறையில் இந்த மூன்றும் கூடவே கூடாது.

அது பாடாததற்குப் பெண்ணாக இருந்ததே காரணமாக இருக்கலாம். பின்பக்கத்தைப் பாருங்கள். ஆண், பெண் இரண்டுக்கும் மெல்லிய இரண்டு வால்முடிகள் உண்டு. அவற்றின் நடுவே தையல் ஊசி போல மூன்றாவதாக ஒன்று நீண்டிருந்தால் அது பெண். அந்த ஊசியால்தான் மண்ணுக்குள் முட்டையிடும். சிறகு வளராமல் முதுகில் சின்ன மடல்கள் மட்டும் இருந்தால் இன்னும் குஞ்சு, அதுவும் பாடாது. ஆணின் மேல்சிறகில் நரம்புகள் வளைந்து நெளிந்து, நடுவில் கண்ணாடி போன்ற ஒரு சிறு வட்டமும் தெரியும். பெண்ணின் சிறகில் இந்த வேலைப்பாடு இருக்காது.

பாட்டு தொண்டையிலிருந்து வருவதில்லை. ஒரு மேல்சிறகின் அடியில் அரம் போன்ற பல்வரிசை இருக்கிறது, மற்றதன் ஓரத்தில் தடித்த விளிம்பு. பாடும்போது இரண்டு சிறகையும் சாய்வாக உயர்த்தி விளிம்பால் பல்வரிசையை உரசும். சிறகின் மெல்லிய சவ்வுப் பகுதிகள் அந்த அதிர்வைப் பெருக்கும். காது முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளுத்த நீள்வட்டமாக இருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். காலில் காது இருப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை பூச்சியை மிதிக்காது.

இனி வீடு. 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்துக்குக் குறையாத பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியின் நடுவைப் பெரிதாக வெட்டி இரும்புக் கம்பிவலையை ஒட்டுங்கள். நைலான் கொசுவலையை இரண்டே இரவில் கடித்துத் துளைத்துவிடும். அடியில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த ஆற்றுமணல் இரண்டு செ.மீ., அதன்மேல் முட்டை வரும் அட்டையில் ஒரு துண்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பகலில் ஒளிய இருட்டு மூலை இல்லாவிட்டால் ஆண் பாடாது. டப்பா முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் ஒரே இடத்தில்தான்: சோடா மூடியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. தினமும் மாற்றுங்கள், மறுநாளே அதில் பூஞ்சை வரும். திறந்த தண்ணீர் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிவிடும்.

தீனிக்குத் தவிடும் பொடித்த நொய்யும் ஒரு சிட்டிகை போதும். புரதம் இல்லாவிட்டால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும் என்பதால் மீன்தொட்டிக்குப் போடும் தீனியைப் பொடித்து ஒரு சிட்டிகை சேருங்கள். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று கருவாட்டுத் தூளைப் போட வேண்டாம், உப்பு அதிகம். வெள்ளரியோ கேரட்டோ விரல்நகம் அளவு போதும், நன்றாகக் கழுவியபின். சந்தைக் கீரையில் மருந்தடித்திருந்தால் மூன்றாவது பூச்சியும் போய்விடும். மட்டி வாழைப்பழம் விரும்பித் தின்னும், ஆனால் துண்டை இரவு தாண்டி விட்டால் பழ ஈ மொய்க்கும். எறும்புக்கு ஒரே வழி, டப்பாவைக் கிண்ணத்தின்மேல் ஏற்றி, கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைப்பது. இதை ஒரு நாள் மறந்தாலும் காலையில் கூடுதான் மிஞ்சும், குறிப்பாகத் தோலுரிக்கும் நாளில். தோலுரித்த பூச்சி பால்வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். சில மணி நேரத்தில் கருக்கும், அதுவரை தொடக்கூடாது.

ஒரு டப்பாவுக்கு ஓர் ஆண். இரண்டு ஆண்களை விட்டால் சண்டைதான். தனியாக இருக்கும்போது விட்டுவிட்டு உரக்கப் பாடுவது அழைப்பு. பெண் அருகே வந்ததும் அதுவே தணிந்து மெல்லிய டிக்-டிக் ஆகும். இன்னோர் ஆணைக் கண்டால் கரகரப்பாக நீளும். மூன்றையும் பிரித்தறிய மகளுக்கு ஒரு வாரம் போதும். புதிய இடத்தில் ஓரிரு நாள் மௌனமாக இருந்தால் பதற வேண்டாம். முதல் ஆண்டு முட்டை வைக்க விடாதீர்கள். ஒரு பெண் நூற்றுக்கணக்கில் இடும், எறும்பளவு குஞ்சுகள் வலைக்கண்ணில் நழுவும், பெருங்கூட்டத்தைப் பராமரிக்கப் பிள்ளையால் முடியாது.

பிடிப்பதற்குக் கண்ணாடித் தம்ளரும் ஒரு போஸ்ட்கார்டும் வேண்டும். தம்ளரால் மூடி, அட்டையை அடியில் நுழைத்துத் தூக்குங்கள். பின்னங்காலைப் பிடித்தால் பூச்சி காலைக் கழற்றிவிட்டு ஓடும். வளர்ந்த பூச்சிக்கு அது மறுபடி முளைக்காது. உங்கள் முற்றத்திலோ, கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை முடிந்த வயல்வரப்பின் வைக்கோலடியிலோ பிடிக்கலாம். கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் உல்லாசமாகப் போகும்போது ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் காட்டின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே பூச்சியும் காட்டுக்குச் சொந்தம்.

பிடிக்காமலே ரசிக்க வழி கேட்டீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் பாடம், டப்பா இரண்டாவது. மழை விட்ட மாலை ஏழு மணிக்கு டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நில்லுங்கள். பூச்சிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது. சுவர்க்கோழியின் சுருதி நம் காதுக்கு இடம் பிடிபடாத சுருதி, அதனால் தனியாகத் தேடினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். நீங்கள் ஒரு மூலையிலும் மகள் மறுமூலையிலும் நின்று, சத்தம் வரும் திசைக்குக் கையை நீட்டுங்கள். இரண்டு கையும் சந்திக்கும் இடத்தில் பூச்சி இருக்கும். காலடி அதிர்ந்தால் வாயடைத்துப்போகும். அசையாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள், மறுபடி தொடங்கும். மாமியாரையும் கூட்டிக்கொள்ளுங்கள். வயதானால் உயர்ந்த சுருதி காதில் விழாது. பிள்ளைக்குக் கேட்கும் சில பூச்சிகள் அவருக்குக் கேட்காமல் போகலாம்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நாம் சில்வண்டு என்று பொதுவாகச் சொல்வதில் சுவர்க்கோழி, சிக்காடா என்று இரண்டு பூச்சிகள் இருக்கின்றன. பேச்சிப்பாறைக் காட்டில் பட்டப்பகலில் மரத்திலிருந்து காதைத் துளைப்பது சிக்காடா. அது சிறகை உரசுவதில்லை, வயிற்றின் இருபக்கமுள்ள சவ்வுகளைத் தசையால் இழுத்து விட்டு ஒலிக்கிறது. பழந்தமிழ்ப் பாட்டில் பாலைநிலத்து வாடிய மரத்திலிருந்து ஒலிக்கும் சிள்வீடு இதுவாகத்தான் இருக்க வேண்டும். எல்லைக்கு அந்தப்பக்கம் மலையாளத்தில் அது இன்றும் சீவீடு. இவை இரண்டும் தவிர, ஈர வரப்பில் அந்தியில் ஒரே இழுப்பாக இரைவது பிள்ளைப்பூச்சி. மண்வெட்டி போன்ற முன்காலால் கொம்பு வடிவில் வளை தோண்டி, அந்த வளையையே ஒலிபெருக்கியாக்கிக்கொள்ளும். செடி இலையில் துளை போட்டு, அதில் தலையும் சிறகும் பொருத்திப் பாடி ஒலியைக் கூட்டும் மரச் சுவர்க்கோழியும் நம் நாட்டில் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்ததால்தான் சுவர்க்கோழி வீட்டுக்குள் வருகிறது. சீனத்தில் தாங் அரசர் காலத்திலேயே அரண்மனைப் பெண்கள் இதைச் சிறு கூண்டில் வைத்துத் தலைமாட்டில் பாட்டுக் கேட்டார்கள். உங்கள் பக்கம் ரப்பர்த் தோட்டத்துச் சருகிலிருந்து மழை தொடங்கும்போது கருவண்டுகள் படையெடுத்து வந்து ஓட்டிலும் உத்தரத்திலும் அடைவதைப் பார்த்தவர்களுக்கு எல்லாப் பூச்சியும் வெறுத்துப்போவது நியாயம்தான். ஆனால் அது வேறு, இது வேறு. கும்பிடுபூச்சியும் வளர்க்கலாம், டப்பாவுக்கு ஒன்றுதான். பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைப்பதை மட்டும் மகளுக்குப் பழக்காதீர்கள், அதில் அது மெல்ல உலர்ந்து சாகும்.

வளர்ந்த ஆணுக்கு ஆயுளே ஓரிரு மாதம்தான். இதை மகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் பாட்டுக் கேட்டதும், மழையில்லாத ஓர் அந்தியில், பிடித்த அதே இடத்துக்கு டப்பாவோடு போகச் சொல்லுங்கள். ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, ஓரத்தில் சின்னக் கல் கொடுத்துத் தூக்கி வைத்து, அந்த இடைவெளியின் முன் டப்பாவைச் சாய்த்தால் அதுவே உள்ளே போய்விடும். கோழி மேயும் நேரமாக இருக்கக் கூடாது.

அன்புடன்,
அண்ணன்