படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால்: கேள்வி பதில்

கேள்வி (பாம்பன்): 60 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், கடலில் ஓடிக்கொண்டிருந்தபோதே நின்றுவிட்டது. இப்போது செல்ஃப் அடித்தால் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது, பற்றவில்லை. டைமிங் பெல்ட் போயிருக்குமா, ஐயா?

பதில்: பெரும்பாலும் போயிருக்கும். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டின் சுற்றைக் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோவது அந்தப் பெல்ட்தான். நல்ல எஞ்சின் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே அமுங்கும் காற்றை, எதிர்த்து இழுத்து இழுத்துச் சுற்றும். பெல்ட் அறுந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் நின்றுவிட்டால் அந்த இழுவை போய், ஓசை ஒரே சீராகிவிடும். கில் ஸ்விட்ச் கயிற்றை எடுத்து, பிளக்குகளைக் கழற்றி, மேல் மூடிகளை அகற்றிய பின், மேலேயுள்ள கனமான சக்கரத்தை (ஃப்ளைவீல்) கடிகாரச் சுற்றில் மெதுவாகக் கையால் திருப்புங்கள். கேம் பல்சக்கரம் அசையாமல் நின்றால் வேறு சோதனை வேண்டாம். எதிர்ச்சுற்றில் திருப்பவே கூடாது. கீழே தண்ணீர் பம்பிலுள்ள சுழலியின் (இம்பெல்லர்) ரப்பர் இதழ்கள் பின்புறம் மடங்கிக் கெட்டுவிடும்.

அறுந்த பெல்ட்டை எறிந்துவிடாதீர்கள். ரப்பர் ஊறி மெத்தென்று இருந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. கசிவைத் தடுக்கும் ஆயில் சீலை மாற்றாமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் அப்படியே போகும். பற்கள் வரிசையாகச் சீவியதுபோல் உதிர்ந்திருந்தால், கேம் ஷாஃப்ட் இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (தொண்டி): என்னுடையது 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக். பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும்?

பதில்: டூ ஸ்ட்ரோக்கில் வால்வை இயக்கும் கேம் ஷாஃப்ட் இல்லை, ஆகவே டைமிங் பெல்ட்டும் இல்லை.

கேள்வி (பாம்பன்): புதுப் பெல்ட் போட்டால் ஓடிவிடுமா?

பதில்: வால்வு வளையாதிருந்தால் ஓடும். பல எஞ்சின்களில் கேம் நின்ற நேரத்தில் திறந்திருந்த வால்வின்மேல் பிஸ்டன் வந்து மோதிவிடும். பல்சக்கரங்களிலுள்ள குறிகளைப் பொருத்திப் பெல்ட்டை மாட்டியதும் செல்ஃப் அடிக்காமல், கையால் கிராங்கை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் கேம் ஒரு சுற்று முடித்து, குறிகள் மீண்டும் நேராக வர வேண்டும். நடுவில் எதிலோ முட்டுவதுபோல் தோன்றினால் அழுத்தாமல் நிறுத்துங்கள். பின்பு கம்ப்ரஷன் அளவியை வையுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

கேள்வி (மன்னார்): 40 டூ ஸ்ட்ரோக்குக்குப் பெல்ட் எங்கே கிடைக்கும்?

பதில்: தொண்டி நண்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். தயவுசெய்து முன் பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (முட்டுக்காடு): 5 வருடத்துக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றும் கணக்கெல்லாம் விற்பவர்களின் வியாபாரம். என் பெல்ட்டுக்கு 9 வயது. 300 மணி நேரம்கூட ஓடவில்லை, புதிதுபோல் இருக்கிறது. பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ள எஞ்சின் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பதில்: இதை நான் ஏற்கவே மாட்டேன். யமஹாவின் பல ஃபோர் ஸ்ட்ரோக் கையேடுகள் 1000 மணி அல்லது 5 வருடம், எது முந்துகிறதோ அது என்றே சொல்கின்றன. ஓடாத எஞ்சினிலும் ரப்பர் முதுமையடைகிறது. சுமையைத் தாங்கும் இழை உள்ளே இருப்பதால், மேல்தோலின் பளபளப்பு எதையும் சொல்லாது. வெடிப்பே தெரியாத பெல்ட் அறுந்து, கரையிலிருந்து வெகுதூரம் அலையில் மிதந்தவர்களின் எஞ்சினை நானே பிரித்திருக்கிறேன். சுசுகியின் பெரிய எஞ்சின்களில் சங்கிலி எண்ணெயில் நனைந்தபடி ஓடுவது உண்மைதான். ஆனால் எண்ணெய் மாற்றாமல் விட்டால் சங்கிலியும் தேயும். உங்கள் பெல்ட்டை அடுத்த பயணத்துக்கு முன் மாற்றுங்கள்.

கேள்வி (பாம்பன்): பெல்ட்டை மாட்ட ஃப்ளைவீலைக் கழற்றப் பார்த்தேன், கழலவில்லை. சுத்தியலால் தட்டலாமா?

பதில்: கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல்விட்டு கம்பிச் சுருளை (காயில்) உரசும். உங்கள் மாடலுக்குரிய இழுத்துக் கழற்றும் கருவியை (புல்லர்) வாடகைக்காவது வாங்கிக் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டைக் கையேட்டில் உள்ள முறுக்கு விசை (டார்க்) அளவுக்கே முறுக்குங்கள்.