கண்டெய்னர் வீட்டுக்கு அனுமதி வேண்டாம் என்பது பொய்

கேள்வி: அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் 2 ஏக்கர் விவசாய நிலத்தில் அம்மாவும் ஐந்து பங்காளிகளில் ஒருவர். 'லோட் 3 உங்களுடையது, அதில் இரண்டு பழைய 20 அடி கண்டெய்னரை இறக்கி வீடாக்கித் தருகிறேன். தூக்கிப் போகக்கூடியது என்பதால் அனுமதி வேண்டாம்' என்கிறார் முகவர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் கூரையுள்ள அடைப்பு எதுவும் கட்டடம்தான். குடிசையும் கொட்டகையும் அதில் அடங்கும்போது கண்டெய்னர் மட்டும் எப்படித் தப்பும்? நகராண்மைக் கழகத்தில் வரைபட அங்கீகாரம் வேண்டும். அதைச் சமர்ப்பிக்கக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பதிவுபெற்ற வரைவாளரோ வேண்டும். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும் நாளில் முகவர் போனை எடுக்க மாட்டார்.

எனக்குப் பெரிய கவலை அந்த 'லோட் 3'தான். நில அலுவலகத்தில் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, தேடல் செய்து பாருங்கள். அம்மா பெயருக்கு எதிரே 1/5 பங்கு என்று மட்டும் இருந்தால், லோட் 3 என்பது முகவர் கையால் வரைந்த கோடு. எந்த மூலை யாருடையது என்று கிராண்ட் சொல்லாது. மற்ற நால்வரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. பிரித்துத் தனிக் கிராண்ட் எடுக்கலாம் என்று சொல்வார்கள். விவசாய நிலத்தை ஒரு துண்டு 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு, குறையாமல்தான் பிரிக்க முடியும். 2 ஏக்கரை ஐந்தாக்குவது நடக்காத காரியம். இது தெரிந்தே தோட்டத்து மக்களின் சேமநிதிப் பணத்தைக் குறிவைத்து விற்கிறார்கள்.

விவசாய நிலத்தில் வீடு கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. நிலம் முழுவதும் உங்கள் குடும்பத்தின் பெயரில் இருந்தால், விவசாய நிலத்திலும் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்ட தேசிய நிலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இடம் தருகிறது. குடியிருக்கத்தான், வாடகைக்கு வரிசையாக அறைகள் போட அல்ல. கிராண்டிலுள்ள நிபந்தனையில் 'ரப்பர் மட்டும்', 'செம்பனை மட்டும்' என்று வீட்டுக்கு இடம் தராத வாசகம் இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். இந்தப் பிரிவு இருப்பதால் நகராண்மைக் கழக அங்கீகாரம் தள்ளுபடியாகாது. நில அலுவலகம் 'கழகத்தில் கேள்' என்னும், கழகம் 'நில அலுவலகத்தில் கேள்' என்னும். வயதானவர்களை இரண்டு கவுண்டருக்கும் அலைய விடுவது கொடுமை. எழுத்தில் கேட்டு, தேதி முத்திரையோடு பதில் வாங்குங்கள்.

நிலம் சரியானால் கண்டெய்னருக்கு வரலாம். சாதாரணக் கண்டெய்னரின் உள்ளுயரம் 2.39 மீட்டர். கட்டட விதியோ வசிக்கும் அறைக்கும் படுக்கையறைக்கும் 2.5 மீட்டர் கேட்கிறது. ஆகவே முகவர் காட்டும் பழைய பெட்டிகள் வெறுமனே நிற்கும்போதே தோற்றுவிட்டன. உயரம் கூடிய 'ஹை கியூப்' வகையை வாங்குங்கள். உள்ளே 2.69 மீட்டர் கிடைக்கும். 75 மில்லிமீட்டர் வெப்பத்தடுப்பும் சீலிங்கும் போட்ட பிறகும் ஏறக்குறைய 2.6 மீட்டர் மிஞ்சும். வசிக்கும் முதல் அறைக்கு விதிப்படி 11 சதுர மீட்டர் வேண்டும். 20 அடி பெட்டியில், சுவர்ப் பூச்சு போக, 12க்குச் சற்று மேலே நிற்கும். குறுக்கே தடுத்தால் விதி உடையும்.

தரைப் பலகை 28 மில்லிமீட்டர் பிளைவுட். பூச்சிமருந்து ஏற்றியது. கதவிலுள்ள தகட்டில் எந்த மருந்து என்ற குறிப்பு இருக்கும். பலகையைக் கழற்றுங்கள், இல்லையேல் எபாக்சி பூசி மூடுங்கள்.

இரண்டு பெட்டியை இணைக்கப் பக்கச் சுவரை வெட்டும்போதுதான் பலர் மாட்டுகிறார்கள். பாரம் நான்கு மூலைத் தூண்களில் இறங்கும், ஆனால் மேல், கீழ் விட்டங்கள் வளையாமல் பிடித்திருப்பது பக்கச் சுவரான அந்த நெளிதகடுதான். அதை அகற்றினால் நடுவில் கூரை தொய்யும், ஜன்னல் சட்டம் இறுகும், இணைப்பில் மழை இறங்கும். வெட்டும் முன்பே ஓரத்தில் இரும்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும், வெட்டிய பிறகு அல்ல. சட்டத்தின் அளவைப் பொறியாளர் எழுதித் தரட்டும், வெல்டிங்காரர் தீர்மானிக்கக் கூடாது. மேலே இடைவெளி விட்டுத் தகரக் கூரை இன்னொன்று போடாவிட்டால் நண்பகலில் உள்ளே உட்கார முடியாது.