சூளைக்காரர் மகள் பீங்கான் படிக்கலாமா?

அண்ணே, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். பாப்பாவுக்கு ஏ.சி. டெக்கில், அதாவது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில், பி.டெக் செராமிக் டெக்னாலஜி கிடைத்திருக்கிறது. "விருத்தாசலத்துல நான் பாக்குற சூளையவே அவளும் பாக்கணுமா, அப்வேர்ட் குடுத்து கம்ப்யூட்டருக்கு மாத்திடலாமா" என்கிறீர்கள். (கவுன்சலிங்கில் கிடைத்த சீட்டை வைத்துக்கொண்டே பட்டியலில் மேலே உள்ள விருப்பத்தைக் கேட்பதுதான் அப்வேர்ட்.) அவளோ எலும்பு செய்யப் போகிறேன் என்கிறாள். அவள் சொல்வது விளையாட்டுப் பேச்சு இல்லை, ஆனால் அவள் நினைக்கிற வேகத்தில் நடக்காது.

முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்று பாருங்கள். விபத்தில் எலும்பு நொறுங்கி இடைவெளி விழுந்தால், இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி எடுத்து அங்கே வைப்பதுதான் டாக்டர்கள் காலங்காலமாகச் செய்வது. அடிபட்ட இடத்தோடு எடுத்த இடமும் வலிக்கும், ஓரளவுக்கு மேல் எடுக்கவும் முடியாது. அதற்கு மாற்றுகளில் ஒன்று ஹைட்ராக்ஸிஅபடைட் என்கிற கால்சியம் பாஸ்பேட் பீங்கான். நம் எலும்பில் இருக்கிற தாதுவும் ஏறக்குறைய அதுதான். 1100, 1200 டிகிரியில் சுடுகிறார்கள், உங்களுக்குப் பழகிய சூடு. ஆனால் துளை விழுந்த சரக்கை நீங்கள் கழித்துப் போடுவீர்கள், இங்கே துளைதான் வேண்டும். ஸ்பாஞ்சை அந்தப் பீங்கான் பொடிக் குழம்பில் முக்கிக் காயவைத்துச் சுட்டால் ஸ்பாஞ்ச் எரிந்து போய் அதே வடிவத்தில் பீங்கான் நிற்கும். அந்தத் துளைகளுக்குள் ரத்தக் குழாயும் எலும்பு செல்லும் நுழைந்து வளர வேண்டும்.

வெறும் பீங்கான் திண்ணை மாதிரி, வந்தால் உட்கார இடம் கொடுக்கும், வா என்று கூப்பிடாது. கூப்பிடுவதற்குத்தான் பெப்டைடு, அதாவது புரதத்தின் சின்னத் துண்டு. பி-15 என்று ஒன்று இருக்கிறது, 15 அமினோ அமிலங்கள், எலும்பில் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தில் செல் பிடித்துக்கொள்ளும் இடத்தின் நகல். சூடுபடுத்திச் சுத்தமாக்கிய மாட்டெலும்புத் தாதுவின் மேல் அதை ஒட்டவைத்துச் செய்த ஐ-ஃபேக்டர் என்ற பொருளுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் கழுத்து முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. (மாட்டெலும்பு வேண்டாம் என்கிற நோயாளிகளும் உண்டு, ஆலையில் செய்த பீங்கானுக்கு அதனால் தனி மதிப்பு.)

சிக்கல் எங்கே என்றால், நீங்கள் முதல் சூட்டில் பூச்சில்லாத பிஸ்கட் சுட்டு, பளபளப்புக்குக் கிளேஸ் பூசி, மறுபடி சூளையில் ஏற்றுவீர்கள். பெப்டைடை அப்படி ஏற்றினால் எரிந்து போகும். சுட்டு முடித்து ஆறிய பிறகுதான் பூச முடியும். பூசினால் நிற்க வேண்டுமே? அதற்கு ஒரு வழி, குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தை ஏழெட்டு வரிசையாக வால் போலச் சேர்ப்பது. அதன் எதிர்மின்னூட்டம் பீங்கானில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் எலும்புப் புரதங்களிலும் அப்படி வால் மாதிரிப் பகுதிகள் உண்டு. ஆர்.ஜி.டி. என்று மூன்றே அமினோ அமிலம் உள்ள பெப்டைடும் 1984-லிருந்து பிரபலம், ஆனால் லேபில் தட்டில் நன்றாக வேலை செய்தது, எலியின் எலும்புக்குள் ஹைட்ராக்ஸிஅபடைட்டோடு வைத்தபோது ஏமாற்றியிருக்கிறது. ரத்தத்தில் இருக்கிற புரதங்களே பீங்கானில் முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்வதால், நாம் பூசியதால் தனி லாபம் கிடைப்பதில்லை. அப்புறம் கிருமி நீக்கும்போது பூச்சு கெடாமல் பார்க்க வேண்டும், அது தனித் தலைவலி.

இதனால்தான் சீட்டை மாற்ற வேண்டாம் என்கிறேன். பயாலஜி மட்டும் படித்தவருக்கு, சுடும்போது ஏன் விரிசல் விடுகிறது என்பது தெரியாது. பாப்பா அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். பயோமெடிக்கல் என்ற பெயருக்காக ஒரு பையனை முன்பு ஒரு தனியார் கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன், அங்கே லேப் என்று இருந்தது ஒரே ஒரு இ.சி.ஜி. மெஷின். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

செலவு, வருமானம்தான் உங்கள் கேள்வி. நான்கு வருடத்தில் இந்த வேலை கிடைக்காது. கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக், முடிந்தால் பி.எச்.டி. வரை போக வேண்டும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம், கொல்கத்தாவில் சி.ஜி.சி.ஆர்.ஐ. என்கிற மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம், செராமிக் இன்ஜினியரிங்கும் மருத்துவப் பொறியியலும் ஒரே வளாகத்தில் இருக்கிற என்.ஐ.டி. ரூர்கேலா, ஐ.ஐ.டி. பி.எச்.யூ., இவற்றைக் குறித்துவையுங்கள். பி.எச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் கையிலிருந்து போகாது.

பெப்டைடு பூச்சை மட்டும் நம்பி வேலை தேடினால் நம் நாட்டில் இடம் குறைவு, அதை அவளிடம் மறைக்காதீர்கள். ஆனால் பல், எலும்பு இம்பிளான்ட் கம்பெனிகளில் தரம் பார்க்கவும், 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி அனுமதி வாங்கவும் பொருளை அறிந்த ஆள் வேண்டும். அதுவும் அமையாவிட்டால் டைல்ஸ், ரிஃப்ராக்டரி (உலைக்கான வெப்பம் தாங்கும் கல்), மின் இன்சுலேட்டர் என்று உங்கள் உலகம் இருக்கவே இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். முதல் வருடத்திலேயே ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளட்டும், எலக்டிவில் செல் பயாலஜி கிடைத்தால் எடுக்கட்டும். சேர்வதற்கு முன்னால் ஒருநாள் உங்களோடு சூளைக்குக் கூட்டிப் போய் உடைந்த சரக்கைக் காட்டி, ஏன் உடைந்தது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்னொரு குரல் பதிவு அனுப்புங்கள், சீட்டை உறுதிசெய்யும் கடைசி நாளுக்கு முன்பாக.