நோயாளிக்கு நினைவு தடுமாறுவதை நர்ஸ்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே நர்ஸ் ஒருவர் 'அப்பாவுக்கு நினைவு கொஞ்சம் தடுமாறுது' என்றார். எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை. எப்படித் தெரிந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடமாக வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் எலும்பு முறிவு வார்டு, அதாவது கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பாட்டி தாத்தாக்கள் வரும் இடம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த நர்ஸ் டெஸ்ட் எடுத்திருப்பார். உங்களுக்கு அது டெஸ்ட் என்று தெரிந்திருக்காது. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு உடனே அடுத்த கட்டிலுக்குப் போகாமல் கொஞ்சம் நிற்போம். தண்ணீரைத் தேடுகிறாரா, வாயில் போட்டு விழுங்குகிறாரா, இல்லை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நம்மையே பார்க்கிறாரா? சட்டைப் பொத்தானை வரிசை மாறாமல் போடுகிறாரா? நாம் பேசும்போது கண் நம்மிடம் நிற்கிறதா, வாக்கியம் முடிவதற்குள் நழுவிவிடுகிறதா? இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம்.

பேச்சை மட்டும் நம்பவே கூடாது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மரியாதைப் பேச்சு மூளையில் மிக ஆழத்தில் பதிந்து கிடக்கிறது. "சாப்டாச்சா பாட்டி?" என்றால் "ஆச்சு தாயி, நீ சாப்டியா?" என்று பதில் வரும். கேட்கிற யாருக்கும் பாட்டி தெளிவாக இருப்பதாகத்தான் தோன்றும். அவர் காலையிலிருந்து ஒரு வாய் கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார். அதனால் நான் "என்ன குழம்பு?" என்று கேட்பேன். ஆமாம், இல்லை என்று தப்பிக்க முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். பக்கத்தில் மகளோ மருமகளோ இருந்தால் அவர்கள் முந்திக்கொண்டு "சாம்பார் சிஸ்டர்" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு வேண்டிய பதில் போய்விடும்.

இதை நான் கற்றது ஒரு தவறில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாத்தா. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இரவு முழுக்க அமைதியாகப் படுத்திருந்தார். கூப்பிட்டால் "ம்" என்பார், திரும்பக் கண்ணை மூடிக்கொள்வார். ரிப்போர்ட் புத்தகத்தில் "நன்றாகத் தூங்கினார்" என்று எழுதினேன். காலையில் டாக்டர் எழுப்பினால் எழவில்லை. சிறுநீரில் கிருமி, அது ரத்தம் வரைக்கும் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் ஓர் இரவு முழுவதும் நான் அவரைத் தவறவிட்டேன். கத்துகிற, ட்ரிப்ஸைப் பிடுங்குகிற நோயாளியை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமே போடாமல் மங்கிப்போகிறவரை வார்டே "தொந்தரவு இல்லாத பேஷண்ட்" என்று பாராட்டும். இரண்டுக்கும் பெயர் டெலிரியம்தான், அதாவது உடம்பில் வேறு ஏதோ கோளாறால் திடீரென வரும் மூளைக் குழப்பம். அமைதியான வகைதான் எளிதில் தவறிப்போவது.

அப்புறம் சில வருடம் கழித்து ஒரு அம்மாச்சி வந்தார். இடுப்பு எலும்பு முறிவு. சேர்ந்த அன்று சாயங்காலம் சுருக்குப்பையைத் திறந்து, பேரனிடம் டீக்குக் காசு எண்ணிக் கொடுத்தார். அவன் மீதி கொண்டுவந்ததும் விரலால் தடவியே எண்ணி, "ரெண்டு ரூவா குறையுதுடா" என்றார். குறைந்துதான் இருந்தது. எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் காலை நான் மாத்திரை கொடுத்தேன். வாங்கினார், சுருக்குப்பையைத் திறந்தார், அதற்குள் போட்டு முடிச்சை இழுத்துக் கட்டினார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "சாப்டாச்சா?" என்றால் "ஆச்சு" என்கிறார். மகனிடம் கேட்டால் "வயசாயிருச்சுல்ல சிஸ்டர், அப்படித்தான்" என்கிறார். நேற்று முன்தினம் இரண்டு ரூபாயைக் கண்டுபிடித்தவருக்கு மூன்று நாளில் அவ்வளவு வயதாகிவிடாது. உடனே விரலில் குத்திச் சுகர் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆக்சிஜன் அளவும் சரி. டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு 118 என்று வந்தது. 135க்கு மேல் இருக்க வேண்டியது. பிரஷருக்குச் சாப்பிட்டுவந்த, நீர் பிரிய வைக்கும் மாத்திரையும், சரியாகச் சாப்பிடாததும் சேர்ந்து இறக்கிவிட்டிருந்தது. சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கே ஆபத்து, அதனால் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். நான்காம் நாள் அம்மாச்சி சுருக்குப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரைய எவ என் பையில போட்டது?" என்று சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிமென்ஷியா என்கிற மறதி நோய் வேறு. அது பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வரும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கும். முதலில் போவது கவனம்தான். அதனால் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன்: ஞாயிறு, சனி, வெள்ளி... தெளிவாக இருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். டெலிரியத்தில் இருப்பவர் வெள்ளியோடு நின்று ஜன்னலைப் பார்ப்பார். மறதி நோய் இருப்பவருக்கும் அதன் மேலே டெலிரியம் வரலாம், அடிக்கடி வரும். "அவங்களுக்கு ஏற்கெனவே மறதி" என்று விட்டுவிடுவதால் எத்தனை கிருமித்தொற்று, எத்தனை அடைபட்ட சிறுநீர் கவனிக்கப்படாமல் போகிறது என்று நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

எழுத்தில் அளக்கும் முறைகளும் உண்டு. தலையில் அடிபட்டவர்களுக்குப் போடும் கிளாஸ்கோ ஸ்கோர் 1974ல் வந்தது, 3 முதல் 15 வரை. தெளிவாகப் பேசினால் பேச்சுக்கு 5, குழப்பமாகப் பேசினால் 4. "பேசினாரே" என்று 5 போட்டுவிடுவது ரொம்ப எளிது. மேலே சொன்ன "என்ன குழம்பு" கேள்வி அந்த ஒரு மார்க்குக்காகத்தான். ஞாபகத்தையும் கவனத்தையும் சோதிக்க 1975ல் வந்த மினி மென்டல் பரிசோதனை 30 மார்க். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு பாட்டிக்கு இதில் மார்க் குறைந்தால் அது மூளையின் குறை ஆகாது. அரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமத்து முதியவர்களை ஆராயப் போனபோது, ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பரிசோதனையை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்றபடி இந்தியில் மாற்றித்தான் பயன்படுத்தினார்கள். நானும் தேதி கேட்பதில்லை. "இது ஆடியா ஆவணியா? அமாவாசை போயிருச்சா?" என்று கேட்பேன். தேதி தெரியாதவர்கூட அமாவாசையைத் தவறவிட மாட்டார்.

சாப்பாட்டுத் தட்டு நிறையச் சொல்லும். பக்கவாதம் வந்து இடது கை விழுந்த ஒருவர் சோற்றை நன்றாகத்தான் சாப்பிட்டார், ஆனால் தட்டின் இடது ஓரத்தில் இருந்த பொரியல் அப்படியே இருந்தது. பிடிக்கவில்லை போல என்று மனைவி எடுக்கப் போனார். நான் தட்டைத் திருப்பி வைத்தேன். "பொரியல் இருக்கா?" என்று எடுத்துச் சாப்பிட்டார். கண் பார்வையில் பழுதில்லை, இடது பக்கம் என்ற ஒன்றே அவர் மூளைக்கு இல்லாமல் போயிருந்தது. அதன்பின் அவருக்குத் தண்ணீரை வலது பக்கம்தான் வைத்தோம்.

இன்னொன்று, குடிப்பழக்கத்தைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். கால் உடைந்து வந்தவர் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்கினால், குடி திடீரென நின்றதால் வந்த குழப்பம் என்று எங்களுக்குப் புரியும். முன்பே தெரிந்திருந்தால் அந்த நிலை வராமலே மருந்து கொடுத்திருக்கலாம்.

எங்களிடம் இல்லாதது ஒன்றுதான், அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்பது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தினமும் பேப்பர் படிப்பாரா, பால் கணக்கு அவர்தான் பார்ப்பாரா, பேரப்பிள்ளைகள் பெயர் மாறுமா என்று சேர்க்கும் அன்றே சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடி, காது மிஷின், பல் செட் மூன்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். காது கேட்காமல் தப்பாகப் பதில் சொன்னவரைக் குழம்பியவர் என்று எழுதிவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு எதனால் தடுமாறியது என்று டாக்டரிடம் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் இரவில் குழப்பம் இருக்கலாம். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழுந்து "இது எந்த ஊரு?" என்று கேட்டால் கோபப்படாமல், நீங்கள் யார், இது நம் வீடு என்று சொல்லிப் படுக்க வையுங்கள். வாரம் போகப் போகக் குறையாமல் கூடினால் திரும்ப அழைத்துப் போங்கள்.