எலியின் கண்ணும் நம் சுகரும்: கேள்வி பதில்

வடசென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் இது. நான் டாக்டர் இல்லை. சர்க்கரை நோய் வந்த எலிகளின் விழித்திரையை ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காகப் பார்த்தவள்.

கல்லூரி மாணவர், வியாசர்பாடி: அக்கா, எலிக்கு எப்படி சுகர் வரும்?

ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசியில் போட்டால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழியும், தம்பி. சில நாளில் சர்க்கரை ஏறிவிடும். எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், கூண்டில் போட்ட மரத்தூள் எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். பல மாதம் கழித்து விழித்திரையை எடுத்து, ட்ரிப்சின் என்ற, புரதத்தைக் கரைக்கும் நொதியில் ஊறவைத்து மெதுவாக அலசினால் மற்றதெல்லாம் கரைந்து ரத்தக்குழாய் வலை மட்டும் மிஞ்சும். கை நடுங்கினால் போச்சு. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நுண்குழாய்ச் சுவரில் கறுப்பு உருண்டைகள் புடைத்து நிற்கும். குழாயைத் தாங்கிப் பிடிக்கும் பெரிசைட் செல்களின் உட்கரு அவை. சுகர் நீடித்தால் முதலில் உதிர்வதில் இந்தச் செல்களும் உண்டு. அப்போது வலி இருக்காது, பார்வையும் குறையாது.

கொருக்குப்பேட்டை: மூலிகைப் பொடியால் எலிக்குக் கண் சரியானதாக வாட்ஸ்அப்பில் வந்தது. சாப்பிடலாமா?

வேண்டாம். கண் லென்ஸில் சர்க்கரையிலிருந்து உண்டாகும் சார்பிட்டால் என்ற பொருள் சேருவதைத் தடுத்தால் எலிக்குக் கண்புரை வராமல் தள்ளிப்போகும், அது உண்மை. அதே வழியில் வேலை செய்யும் சார்பினில் மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் முடிவு வந்தது: விழித்திரைக்குப் பலன் இல்லை. எலிக்குச் சரியானதை நம்பி உங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

காசிமேடு: அம்மாவுக்குக் கண்ணுக்குள் ஊசி போடணும் என்கிறார்கள். எதற்கு?

ரத்தம் போதாத விழித்திரை ஏதோ ஒரு பொருளை விட்டுப் புதுக் குழாய்களை வளர்க்கிறது என்று 1948-இலேயே மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார். பின்னால் அந்த வேலையைச் செய்யும் விஇஜிஎஃப் என்ற புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. 1994-இல் நோயாளிகளின் கண் நீரிலேயே அது மிகுந்திருப்பதைப் பார்த்தார்கள். புதுக் குழாய் பலவீனமானது, உடைந்து ரத்தம் கசியும். விஇஜிஎஃப்பால் பழைய குழாயிலும் நீர் கசிந்து விழித்திரை வீங்கும். ஊசி அந்தப் புரதத்தை முடக்குகிறது. டாக்டர் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

ராயபுரம்: எனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. கண் செக்கப் வேண்டுமா?

வேண்டும்.

மீண்டும் வியாசர்பாடி: சுண்டெலிக் குட்டியை 75 சதவீத ஆக்சிஜனில் வைத்துத்தானே புதுக் குழாய் வரவழைக்கிறார்கள்? அதற்குச் சுகரே கிடையாதே அக்கா.

பெரம்பூர்: அப்படிக் கேள் தம்பி! எலி ஆய்வே வீண் செலவு.

தம்பி சொல்வது சரி. பிறந்த 7-ஆம் நாளிலிருந்து 12-ஆம் நாள் வரை அந்த ஆக்சிஜனில் வைப்பார்கள். வெளியே எடுத்தபின் 17-ஆம் நாள் வாக்கில் கொத்துக் கொத்தாகக் குழாய் முளைக்கும். சுகர் எலியோ எத்தனை மாதமானாலும் அந்தக் கட்டத்துக்குப் போவதில்லை. ஒரு விலங்கு நோயின் ஒரு துண்டைத்தான் காட்டும். ஆனால் வீண் என்று சொல்லாதீர்கள் ஐயா. எங்கர்மன், கெர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் சுகர் வந்த நாய்களுக்கு இரண்டரை வருடம் சர்க்கரையை ஏறவிட்டார்கள். அப்போது கண்ணில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அடுத்த இரண்டரை வருடம் கச்சிதமாகக் கட்டுப்படுத்தினார்கள். அந்த நல்ல காலத்தில்தான் விழித்திரை கெட்டது! 1987-இல் எழுதினார்கள். பழைய சர்க்கரையை விழித்திரை மறக்காது என்பதை நாய்தான் முதலில் காட்டியது.

பெரம்பூர்: அப்படியானால் இப்போது கட்டுப்படுத்தி என்ன பயன்?

நிறைய. முதல் நாளிலிருந்தே நன்றாகக் கட்டுப்படுத்திய நாய்களுக்குக் கண் பெரும்பாலும் தப்பியது. மனிதர்களுக்கும் கட்டுப்பாடு உதவும் என்று 1993-இல் பெரிய ஆய்வு காட்டியது. தாமதித்தால் பலனும் தாமதிக்கும், அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை: பார்வை தெளிவாக இருந்தாலும் கண் செக்கப் வேண்டுமா?

ராயபுரம் கேட்டதையே நீங்களும் கேட்கிறீர்கள். ஆமாம், சுகர் என்று தெரிந்ததுமே, அப்புறம் வருடா வருடம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது. கண்ணின் நடுவிலுள்ள பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்டாதீர்கள், மகனையோ மகளையோ கூட்டிப் போங்கள்.